பெரியவர்களுக்கு பிபி பொய்யாக ஏறிக் காட்டுகிறதா? மாத்திரையைக் கூட்டும் முன் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு கிளினிக்கில் 176/78 என்று வந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும். இருக்கிற மாத்திரையோடு இன்னொன்று சேரும், இல்லையென்றால் டோஸ் கூடும். அந்த எண் நிஜமாக இருந்தால் அது செய்ய வேண்டிய வேலைதான். எண் பொய் என்றால், ஏற்கெனவே சரியாக இருக்கும் அழுத்தத்தைப் பிடித்து இன்னும் கீழே இழுக்கிறோம்: கட்டிலிலிருந்து எழுந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வரும், நடை தள்ளாடும், ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் விழுவார்கள், அந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் மறுபடி நடமாடுவதே பெரும்பாடு. நாற்பது வயதுக்காரர் ஒரு தப்பான ரீடிங்கைத் தாங்கிக்கொள்வார். எண்பது வயதுக்காரருக்கு அந்த வசதி இல்லை.

பிபி பொய்யாக ஏறிக் காட்ட நிறைய காரணங்கள் உண்டு. இணையத்தில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நேராக 'சூடோ ஹைப்பர்டென்ஷன்' என்ற பெயரில் போய் நிற்கிறார்கள், அதாவது ரத்தக்குழாய் இறுகிப்போனதால் மெஷின் ஏமாறுவது. அது உண்மையிலேயே உண்டு, கீழே விரிவாகச் சொல்கிறேன், ஆனால் வரிசையில் அதற்குக் கடைசி இடம்தான். கையில் சுற்றும் பட்டை சிறிதாக இருப்பது, கை தொங்குவது, பேசிக்கொண்டே அளப்பது, டாக்டரைப் பார்த்ததும் வரும் பதற்றம், இவைதான் தினமும் நடப்பவை. இவற்றைச் சரிசெய்யப் பெரிய செலவும் இல்லை. அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. ரீடிங் பொய்யாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பாதியாகவும் ஆக்காதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் பிபி எகிறும். இன்னொன்று, 180/120-ஐத் தாண்டிய ரீடிங்கோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கைகால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இதில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 1: பட்டையின் அளவு

கையில் சுற்றும் பட்டை சிறிதாக இருந்தால் ரீடிங் ஏறும். உள்ளே இருக்கும் காற்றுப்பை கையை முழுதாகச் சூழாதபோது, ரத்தக்குழாயை அமுக்க அதிக அழுத்தம் தேவைப்படுகிறது, மெஷின் அந்த அதிகத்தையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது. இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கொண்டுவந்த முதல் பட்டையே ரொம்பக் குறுகல், அதனால் அளவு கூடுதலாகக் காட்டியது, சில வருடங்களிலேயே அகலமான பட்டை வந்து அதைத் திருத்தியது.

எவ்வளவு ஏறும் என்பதற்கு 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் தெளிவான கணக்கு இருக்கிறது. பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான பட்டையைப் போட்டு அளந்தபோது மேல் அளவு, அதாவது சிஸ்டாலிக், சராசரியாக 4.8 மி.மீ. (பிபியை அளக்கும் பாதரச அலகு) கூடியது, அதைவிடவும் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு 19.5 மி.மீ. கூடியது. 135 இருக்க வேண்டியவர் 154 ஆகிவிடுகிறார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் தையல்காரர் டேப்பைச் சுற்றி எத்தனை செ.மீ. என்று பாருங்கள். பிறகு பட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள், 22–32, 32–42 என்பதுபோல அதற்குரிய கைச்சுற்றளவு அச்சிட்டிருக்கும். உங்கள் எண் அந்த வரம்புக்குள் இல்லையென்றால் அந்தப் பட்டையில் வந்த பழைய ரீடிங் எதையும் நம்ப வேண்டாம். வேறு அளவுப் பட்டை தனியாகவே கிடைக்கும், ஆனால் உங்கள் மெஷினின் கம்பெனிப் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

வயதானவர்களிடம் எதிர்த்திசைத் தவறும் நடக்கும். உடம்பு வற்றி, கை ஒல்லியாகிப் போனவர்களுக்கு வழக்கமான பட்டை பெரிதாகிவிடும், அப்போது ரீடிங் குறைவாகக் காட்டும். ஆகவே பழைய பட்டையே போதும் என்று விட்டுவிடாமல், உடல் எடை கணிசமாக மாறினால் மறுபடி அளந்து பார்ப்பது நல்லது.

சுற்றும் முறை: வெறும் கையில் சுற்ற வேண்டும். ஸ்வெட்டர் மேலும் சட்டைக் கை மேலும் சுற்றக் கூடாது. சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது இறுக்கிப் பிடிக்கும், அதுவும் ஆகாது. அந்தப் பக்கச் சட்டைக் கையை மட்டும் கழற்றிவிடச் சொல்லுங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே நிற்க வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் சரி, நான்கு நுழைந்தால் தளர்வு.

படி 2: கை எங்கே இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது

பட்டையின் நடுப்பகுதி இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். கை அதற்குக் கீழே இறங்கினால், இறங்கிய உயரத்துக்கு உண்டான ரத்தத்தின் எடையும் கணக்கில் சேர்ந்துவிடும், 10 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 7–8 மி.மீ. கூடும். 2024-இல் வந்த ஓர் ஆய்வில், மேசைமேல் வைத்து அளந்ததோடு ஒப்பிட்டால் மடியில் கை வைத்தபோது மேல் அளவு சராசரியாக 3.9 மி.மீ. கூடியது, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 மி.மீ. கூடியது. கிளினிக்குகளில் எத்தனை பேருக்கு மடியில் கை வைத்தபடியே அளக்கிறார்கள் என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

கை தாங்கலோடு இருப்பதும் முக்கியம். உயரம் சரியாக இருந்தாலும், பெரியவர் தானே தசையை முறுக்கிக் கையைத் தூக்கிப் பிடித்தால் அந்த முயற்சியே பிபியை ஏற்றும். மேசை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணையை மடித்துக் கைக்கு அடியில் கொடுங்கள்.

அப்புறம் பேச்சு. கிளினிக்கில் பட்டை காற்றை இழுக்கத் தொடங்கும் அதே நேரத்தில்தான் "என்னம்மா, ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்பார்கள். அம்மாவும் விடுவாரா, தூக்கம் வராத கதை, முழங்கால் வலி, மகன் போன் செய்யாதது எல்லாம் சொல்வார். காது மந்தமானவராக இருந்தால் குரலை உயர்த்தி வேறு சொல்வார். பேசிக்கொண்டே அளந்தால் மேல் அளவு தாராளமாக ஏறும். அளக்கும் ஒரு நிமிடம் இருவரும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வழி. டாக்டரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம், "அளந்து முடிச்சுட்டுப் பேசறோம் டாக்டர்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது. அரைமணி நேரத்துக்குள் காபி, டீ, புகை, உடற்பயிற்சி எதுவும் இருக்கக் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டு இருந்தால் பிபி ஏறும். புராஸ்டேட் தொந்தரவு உள்ள பெரியவர்கள் கிளினிக்கில் எழுந்து போகக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், முதலில் அனுப்பிவிட்டு வாருங்கள். வலி இருக்கும்போது வரும் ரீடிங்கும் கணக்கில் சேராது.

படி 3: மெஷின்

வீட்டு மெஷின்கள் சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டைக்குள் வரும் நாடித் துடிப்பின் சிற்றதிர்வை உணர்ந்து, அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால்தான் தனிப்பட்ட முறையில் சோதித்துத் தேறிய மெஷினா என்று பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். ஸ்ட்ரைட் பிபி என்ற சர்வதேச அமைப்பு அப்படித் தேறியவற்றின் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மேற்கையில் சுற்றுவதையே வாங்குங்கள். மணிக்கட்டு மெஷினில் கை கொஞ்சம் இறங்கினாலே எண் மாறும்.

இருக்கிற மெஷினை கிளினிக்குக்கே எடுத்துப்போய் ஒப்பிடலாம். ஒரே கையில், ஒரு நிமிட இடைவெளியில், உங்கள் மெஷினிலும் அவர்கள் மெஷினிலும் மாற்றி மாற்றி அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவில் 5-க்குள் வித்தியாசம் என்றால் நல்ல மெஷின். 10-ஐத் தாண்டினால் மாற்றுங்கள். நடுவில் நின்றால் இன்னொரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாடி தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வயதானவர்களிடம் நிறைய உண்டு. ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு பலத்தில் வருவதால் மெஷின் 168, 141, 155 என்று தாவும். இதில் எதைப் பிடிப்பது என்று குழம்ப வேண்டாம், மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள், முடிந்தால் டாக்டரை ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கையால் அளக்கச் சொல்லுங்கள். திரையில் ஒழுங்கற்ற நாடிக்கான அடையாளம் அடிக்கடி வந்தால் பிபி கிடக்கட்டும், முதலில் ஒரு ஈசிஜி எடுங்கள். அது வேறொரு சிகிச்சை தேவைப்படும் விஷயம்.

படி 4: இரண்டு கையிலும் ஒருமுறை

முதல் தடவை இரண்டு கையிலும் அளந்து பாருங்கள். 10-க்குமேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால், அதிகம் காட்டும் கையைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. இங்கே கணக்கு தலைகீழ். குறைவாகக் காட்டும் கைக்குப் போகும் ரத்தக்குழாயில் சுருக்கம் இருக்கலாம். இனி எப்போதும் அதிகம் காட்டும் கையிலேயே அளந்துவாருங்கள்.

படி 5: வீட்டில் ஒரு வாரம்

டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் பிபி ஏறி, வீட்டுக்கு வந்ததும் இறங்குவதை வெள்ளைக்கோட்டு விளைவு என்பார்கள். வயது கூடக்கூட இது அதிகமாகிறது. மனசுக்குள் பதற்றமே இல்லை என்று பெரியவர் சத்தியம் செய்வார், ஆனால் உடம்பு கேட்காது.

இதைப் பிடிக்க வீட்டு ரீடிங்தான் வழி, அதுவும் ஒழுங்கான ஒரு முறையில். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளியில். இரவு படுக்கும் முன் அதேபோல இரண்டு தடவை. ஏழு நாள். வந்த எண்ணை வந்தபடி எழுதுங்கள், அதிகமாக இருக்கிறதே என்று திரும்பத் திரும்ப அளந்து பிடித்த எண்ணை மட்டும் எழுதினால் இந்த வேலையே வீண். முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் 24 ரீடிங்குகளுக்கும் சராசரி போடுங்கள்.

உதாரணத்துக்கு ஒருவரின் காலைக் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 158/80, 144/76. அடுத்த நாள் 149/78, 138/74. அதற்கடுத்த நாள் 141/75, 134/72. எல்லா நாளும் முதல் எண் பெரிது, இரண்டாவது சிறிது. நாள் போகப்போக இரண்டுமே இறங்குகின்றன. இவருக்கு மெஷின் பழகவே சில நாள் ஆகியிருக்கிறது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை அளந்துவிட்டு 158 என்று டாக்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுச் சராசரிக்கு எல்லை 135/85. கிளினிக்குக்குப் பலரும் வைத்திருக்கும் எல்லை 140/90, அமெரிக்காவில் 2017-இலிருந்து 130/80. கிளினிக்கில் தொடர்ந்து அதிகம், வீட்டில் 135/85-க்குக் கீழே என்றால் வெள்ளைக்கோட்டு விளைவுக்கு வாய்ப்பு பலம். அதற்காக முழுக்க மறந்துவிடவும் வேண்டாம்; இப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிற்பாடு நிஜமாகவே பிபி வரும் என்பதால் அவ்வப்போது மறுபடி ஒரு வாரம் அளப்பது நல்லது.

வீட்டில் அளக்க ஆளில்லை, அல்லது எண்கள் இன்னும் குழப்புகின்றன என்றால் 24 மணி நேர மெஷினைக் கேளுங்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு போனால், பகலிலும் தூக்கத்திலும் தானாகவே அளந்து பதிவு செய்யும். அதன் 24 மணி நேரச் சராசரிக்கு எல்லை 130/80. தூக்கம் கொஞ்சம் கெடும், ஆனால் வருடக்கணக்கில் தேவையில்லாத மாத்திரை சாப்பிடுவதற்கு ஒரு ராத்திரி பரவாயில்லை.

படி 6: நிற்கவைத்து அளப்பது

இது கட்டாயம், ஆனால் பல இடங்களில் இதைச் செய்வதே இல்லை. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு ரீடிங், எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்காமல் இதைச் செய்யாதீர்கள்.

உட்கார்ந்தால் 160, நின்றால் 118 என்று வருகிற ஒருவருக்கு 160-ஐ மட்டும் பார்த்து மாத்திரை கூட்டினால் அவர் விழுவார். பார்க்கின்சன் நோய், நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். அவர்களுக்குப் படுக்கும்போது வரும் உயர் எண் பொய்யில்லை, நின்றால் வரும் குறைந்த எண்ணும் பொய்யில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்ய அனுபவமுள்ள டாக்டர் வேண்டும்.

படி 7: இறுகிய ரத்தக்குழாய்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும், வீட்டிலும் கிளினிக்கிலும் 24 மணி நேர மெஷினிலும் ஒரே மாதிரி உயரமாக இருந்தும், ஆள் மட்டும் பிபி குறைந்தவர்போல நடந்துகொண்டால் இங்கே வாருங்கள்.

மேற்கை ரத்தக்குழாயின் சுவருக்குள், நடு அடுக்கில், வருடங்கள் போகப்போகக் கால்சியம் படியலாம். அடைப்பு எதுவும் இருக்காது, ரத்தம் தாராளமாக ஓடும், சுவர் மட்டும் விறைத்திருக்கும். ரப்பர் குழாயை விரலால் நசுக்கலாம், பிவிசி குழாய் மசியாது அல்லவா, அதுபோல. உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தை வெல்வதோடு சுவரின் விறைப்பையும் வெல்ல வேண்டியிருப்பதால் பட்டை அதிகம் ஊத வேண்டியிருக்கிறது, அந்த அதிகம் எண்ணில் ஏறுகிறது.

எப்போது சந்தேகப்படலாம்? வருடக்கணக்கில் பிபி அதிகம் என்கிறார்கள், ஆனால் எக்கோவில் இதயச் சுவர் தடிக்கவில்லை, கண்ணின் விழித்திரையில் மாற்றமில்லை, சிறுநீரில் புரதமில்லை. மூன்று மாத்திரை போட்டும் எண் இறங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு மாத்திரை சேரும்போதும் தலைசுற்றலும் சோர்வும் கூடுகின்றன. வேறெதற்கோ எடுத்த கை எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தண்டவாளம்போல வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. நெடுநாள் சர்க்கரை நோய் அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கால்சியம் படிவு இன்னும் சகஜம்.

இதற்கு ஆஸ்லர் சோதனை என்று ஒன்றைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். மேல் அளவையும் தாண்டிப் பட்டையை ஊதி, நாடித் துடிப்பு முழுக்க நின்றபிறகு, மணிக்கட்டில் ரத்தக்குழாய் இன்னும் கயிறுபோல விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. தட்டுப்பட்டால் பாசிட்டிவ். வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் இறுகிய ரத்தக்குழாயைத் தொட்டு அறியும் விதத்தை எழுதியது 1892-இல். அப்போது பட்டையே கிடையாது, அவர் விரலால் அமுக்கித்தான் பார்த்தார். பட்டையோடு சேர்த்து இதைச் சோதனையாக மாற்றி 1985-இல் பிரபலப்படுத்தியவர்கள் மெஸ்ஸெர்லி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும். கேட்க அழகாக இருக்கும் சோதனை, ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளில் நிலைக்கவில்லை: பிபி சரியாக இருக்கும் முதியவர்களுக்கும் பாசிட்டிவ் வருகிறது, ஒரே ஆளை இரண்டு டாக்டர்கள் தொட்டால் இரண்டு பதில் வருகிறது. வீட்டில் இதைச் செய்து பார்த்து முடிவுக்கு வருவது வேண்டவே வேண்டாம்.

உறுதியாகச் சொல்ல ஒரே வழி, ரத்தக்குழாய்க்குள்ளேயே மெல்லிய குழாயை நுழைத்து நேரடியாக அளப்பது. அதை எல்லோருக்கும் செய்ய முடியாது. ஆஞ்சியோகிராம், பெரிய அறுவை சிகிச்சை, ஐசியூ என்று வேறு காரணத்துக்காக அந்தக் குழாய் போடும்போது, அதே நேரம் பட்டையாலும் அளந்து ஒப்பிட்டுக் குறித்துத் தரச் சொல்லுங்கள், ரொம்ப உபயோகமான தகவல் அது. இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும்: அப்படி நேரடியாக ஒப்பிட்டவர்களில் பெரும்பாலும், பட்டை மேல் அளவைக் கூட்டிக் காட்டுவதில்லை, சற்றுக் குறைத்தே காட்டுகிறது. எனவே நம் வீட்டுப் பெரியவருக்கு இதுதான் என்று முன்கூட்டியே தீர்மானிக்காதீர்கள்.

மேல் அளவு மட்டும் அதிகம் என்றால்?

"கீழ் அளவு 72-தானே இருக்கு, மேல மட்டும் ஏறியிருக்கு, மெஷின் தப்பு" என்று சொல்கிறவர்கள் நிறைய. தப்பு மெஷினில் இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி விறைத்துப்போகும்போது மேல் அளவு ஏறி, கீழ் அளவு இறங்கும், முதியவர்களின் பிபி பெரும்பாலும் இந்த வகைதான், அது நிஜமான ஆபத்து. 1991-இல் வெளியான ஷெப் ஆய்வில், 60 வயது தாண்டிய இப்படிப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தபோது பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. 2008-இல் ஹைவெட் ஆய்வு 80 வயது தாண்டியவர்களை எடுத்துக்கொண்டு, 150/80-ஐ இலக்காக வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது; மரணமும் இதயச் செயலிழப்பும் குறைந்தன. வயசாகிவிட்டது, இவ்வளவு பிபி இருக்கத்தான் செய்யும் என்கிற பேச்சுக்கு இடமில்லை.

டாக்டரிடம் போகும்போது

ஏழு நாள் குறிப்பு, அதன் சராசரி, படுத்தும் நின்றும் அளந்த எண்கள், கைச்சுற்றளவு, பட்டையின் அளவு. இவற்றை ஒரே தாளில் எழுதிக்கொடுங்கள். தலைசுற்றல், விழுந்தது, விழப்போனது எல்லாம் தேதியோடு இருக்கட்டும். பெரியவர்கள் டாக்டர் முன்னால் "ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று முடித்துவிடுவார்கள்.

கூடவே வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சீட்டு இல்லாமல் வாங்கியது உட்பட. மூட்டுவலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள், மூக்கடைப்பு மாத்திரைகள், ஸ்டீராய்டு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும், உப்புச்சத்து அதிகமுள்ள மாத்திரைகள், இவை எல்லாம் பிபியை நிஜமாகவே ஏற்றும். மெஷின் சரியாகத்தான் காட்டியிருக்கும், ஆனால் அதற்குப் புது பிபி மாத்திரை தேவையா, பழைய வலி மாத்திரையை மாற்றினால் போதுமா என்று டாக்டர் முடிவு செய்ய அந்தப் பை வேண்டும்.